எரியாத அலுவலகம்

1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் ஊர் கொதித்து எழுந்தது. கடைகளை அடைத்தார்கள், கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், கூட்டம் சர்க்கார் கட்டடங்களை நோக்கித் திரும்பியது. துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போயிற்று. பத்து வருஷம் கழித்து, 1918-ல், நீதிபதி ரௌலட் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையில் அந்த நாளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நகரத்தின் சர்க்கார் அலுவலகங்கள் எல்லாமே தாக்கப்பட்டன. மேஜை நாற்காலிகளுக்கும் தஸ்தாவேஜுகளுக்கும் தீ வைத்தார்கள். நகராட்சி அலுவலகம் உள்ளே ஒன்றும் மிஞ்சாமல் எரிந்தது. கூட்டம் கை வைக்காமல் விட்டது சப் ரிஜிஸ்திரார் அலுவலகம் ஒன்றைத்தான்.

நான் பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். என் அப்பாவுக்கும் இதே தொழில். அந்தக் குறிப்பைப் படித்த நாளிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. தற்செயலாகத் தப்பியது என்று யாரும் சொல்லலாம். என் எண்ணம் வேறு. மற்ற இடங்களில் இருந்தது வரிக் கணக்கும் வழக்குக் கட்டும். இங்கே இருந்தது ஜனங்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்த காகிதம்: வீடு வாங்கியது, வயல் விற்றது, அண்ணன் தம்பி பாகம் பிரித்தது. அதைக் கொளுத்தினால் நம் வீட்டு வாசற்படியே நமக்கில்லை என்று அந்தக் கூட்டத்தில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்து சர்க்காரைப் புரிந்துகொள்ள இந்தத் தீயே நல்ல வெளிச்சம் என்று நினைக்கிறேன். எந்த அலுவலகத்தோடு மக்களுக்கு என்ன உறவு என்பதை அது காட்டிவிட்டது.

நகராட்சியிலிருந்தே தொடங்கலாம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி மூன்று ஊர்களுக்கும் 1866-ல் நகராட்சி வந்தது. 1884 சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. ஆனால் ஓட்டு, வரி கட்டுகிற சொத்துக்காரர்களுக்குத்தான். மாடத்தெருவில் குடக்கூலிக்கு இருந்த நெசவாளிக்கோ வண்டிப்பேட்டைக் கூலியாளுக்கோ நகராட்சி என்றால் வரி கேட்டு வருகிற ஆள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. முழுசாக எரிந்தது அதுவாக இருந்ததில் எனக்கு வியப்பு கிடையாது.

நகரத்தை விட்டு ஆற்றங்கரைக் கிராமங்களுக்குப் போனால் கதை வேறு. அங்கே சர்க்கார் என்பது கிராம முன்சீப், கர்ணம், தலையாரி, வெட்டியான். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்கிற ஏழும் ராஜாக்கள் காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம்தான் வெள்ளைக்காரர் கட்டியது. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிற இந்த நஞ்சையிலிருந்துதான் சர்க்காருக்குக் கொழுத்த கிஸ்தி போயிற்று. கிஸ்தியைத் தண்டல் செய்வது முன்சீப்பு. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், விளைந்ததா, சாவியாய்ப் போயிற்றா என்று அடங்கலில் எழுதுவது கர்ணம். சாவி என்று அவர் எழுதினால்தான் வஜா கிடைக்கும். எழுதாவிட்டால், பொய்த்த பயிருக்கும் கிஸ்தி கட்டியாக வேண்டும். பெரும்பாலான குடியானவர்கள் ஆயுசில் ஒருதடவைகூடக் கலெக்டரைப் பார்த்திருக்க மாட்டார்கள். கர்ணத்தின் முகத்தைப் பார்க்காமல் ஒரு வருஷம் கழியாது.

முன்சீப், கர்ணம் என்கிற இரண்டு வேலையும் பரம்பரை. 1895 சட்டம் அதை உறுதி செய்தது. அப்பனுக்குப் பிறகு மகன். மகன் சிறுவனாக இருந்தால் அவனுக்குப் பதிலாக ஒரு ஆள். அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் நிலமுள்ள மேல்சாதிக் குடும்பங்கள். அது சின்ன விஷயம் அல்ல. 1816-ஆம் வருஷத்து சென்னை ரெகுலேஷன் ஒன்று, சில்லறைக் குற்றங்களுக்காகக் கிராமத் தலைவர் ஆளைச் சாவடியில் அடைத்து வைக்கலாம் என்றது. கீழ்ச்சாதி என்று கருதப்பட்டவர்களை ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம் என்றும் எழுதி வைத்தது. குற்றம் ஒன்று, தண்டனை சாதிக்கொன்று. அது சட்டப் புத்தகத்திலேயே. பழைய பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவர் பெயரோடு சாதியும் ஜீவனமும் கட்டாயம் இருக்கும். அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம், வயலில் இறங்கி வேலை செய்தவர்களின் சாதி வாங்குகிறவர் பக்கத்தில் எத்தனை அரிதாக வருகிறது என்பது என் கண்ணை உறுத்தும்.

அப்படி ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். மஞ்சள் பையில் நாலாக மடித்த காகிதம். “அண்ணாச்சி, எங்க பூட்டன் வாங்குன வயலுக்கு உள்ள பத்திரம்லா இது. வாசிச்சுச் சொல்லுங்க. எங்க வீட்ல ஒருத்தருக்கும் இந்த எழுத்து ஓடமாட்டேங்கு.”

மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஒடிந்திருந்தது. கண்ணாடியின் கீழ் வைத்துத்தான் படிக்க முடிந்தது. கொல்லம் 1088, மாசி மாதம், அதாவது 1913. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பத்திரத்துக்குக் கொல்லம் ஆண்டு போடுவது சாதாரணம். திருநெல்வேலி ஜில்லா, அம்பாசமுத்திரம் தாலுகா. நிலத்தின் அளவு ஏக்கரில் இல்லை, கோட்டை விதைப்பாட்டில். எண்கள் தமிழ் எண்கள், பின்னம் வருகிற இடத்தில் காணியும் முந்திரியும். நாலெல்லையில் வடக்கே கன்னடியன் காலின் ஒரு மடை, கிழக்கே கோயில் நிலம், மேற்கே நடைபாதை. திருப்பினால் பின்பக்கம் சப் ரிஜிஸ்திராரின் கையெழுத்து: எத்தனை மணிக்குத் தாக்கலானது, எழுதிக் கொடுத்தவர் ஒப்புக்கொண்டது, இன்னார் என்று நிரூபித்த இரண்டு பேர். எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். இடது பெருவிரல் ரேகை நூறு வருஷம் தாண்டியும் சுழி சுழியாகத் தெரிந்தது.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள கிரயம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது அன்றைய சட்டம். 1908-லேயே புதிய பதிவுச் சட்டம் நிறைவேறியது. இன்றைக்கும் நாங்கள் வேலை செய்வது அதே சட்டத்தின் கீழ்தான். அந்தக் காலத்தில், கொண்டுபோன பத்திரத்தை வரி விடாமல் ஒரு பெரிய புத்தகத்தில் கையால் நகல் எடுத்து, சரிபார்த்து, மூலத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டில் கறையான் தின்றாலும் அலுவலகத்தில் நகல் இருக்கும். ஏழை, பணக்காரன், விற்றவன், வாங்கியவன் எல்லோருக்கும் பொதுவாக அந்த ஆட்சி செய்து வைத்த ஒரே காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீ அணைந்த பிறகு சர்க்கார் என்ன செய்தது? தண்டப் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டியது. கல்லெறிந்தவன், எறியாதவன் என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் 1910-ல் ஜில்லாவை வெட்டி, சாத்தூரையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் புதிய இராமநாதபுரம் ஜில்லாவில் சேர்த்தது. அந்த வருஷத்துக்குப் பிந்திய சாத்தூர்ப் பத்திரங்களில் தலைப்பு மாறியிருக்கும். 1908-ல் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்த ஆஷ், பிறகு ஜில்லாவுக்கே கலெக்டரானார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதனின் குண்டுக்குப் பலியானார். ஒரே மனிதரிடம் அன்று எத்தனை அதிகாரம் குவிந்திருந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். நிலவரிக்குத் தலைவர் கலெக்டர். ஜில்லாவின் மாஜிஸ்திரேட்டும் அவர். ரோடு போடுகிற, ஆஸ்பத்திரி நடத்துகிற ஜில்லா போர்டுக்கும் அவரே பிரசிடெண்டு. ஒருவர் மேல் வருத்தம் வந்தால் முறையிடப் போகிற இடத்திலும் அவரே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஜில்லா போர்டுக்குப் பணம் வந்தது குடியானவனிடமிருந்து. நிலத் தீர்வையில் ரூபாய்க்கு ஒரு அணா செஸ், கிஸ்தியோடு சேர்த்தே வாங்கினார்கள். பாலத்துக்கும் பாதைக்கும் இப்படி ஒரு பொதுப் பணம் சேர்வது புதிய விஷயம். 1843-ல் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றில் பாலம் வேண்டியிருந்தபோது, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் கட்ட முடிந்தது. எண்பது வருஷம் கழித்து, 1923-ல், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் ஓடியது ஜில்லா போர்டின் பணத்தில். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாக முருகனைப் பார்க்கப் போகிறவர்கள், தங்கள் பாட்டன்மார் கட்டிய அணாக்களின் மேல்தான் போகிறார்கள் என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு.

1920-ல் நகராட்சிகளுக்கும் ஸ்தல போர்டுகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் புதிய சட்டங்கள் வந்தன. கலெக்டர் போர்டுத் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கினார். அதற்கு முன்பே, மனமுள்ள ஒருவர் கையில் கிடைத்தால் நகராட்சி என்ன செய்யும் என்பதைத் தூத்துக்குடி காட்டத் தொடங்கியிருந்தது. 1909-ல் முதல்தடவை சேர்மன் ஆன குரூஸ் பர்னாந்து ஐந்து தடவை அந்தப் பதவியில் இருந்தார். கடலோர ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. வல்லநாட்டில் தாமிரபரணித் தண்ணீரை எடுத்துக் குழாய் வழியாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்க்க 1927 ஆயிற்று. விடாமல் நின்று அதைச் சாதித்தார். 1930-ல் காலமானார். எரிக்கப்பட்ட நகராட்சிக்கும் இந்த நகராட்சிக்கும் இடையே இருபது வருஷம்கூட இல்லை. தண்ணீர் வந்த பிறகு வரி கேட்டு வருகிற ஆளைப் பார்க்கிற பார்வை மாறாமலா இருந்திருக்கும்?

கர்ணமும் முன்சீப்பும் மட்டும் நெடுங்காலம் அசையவில்லை. வெள்ளைக்காரன் போய், ஜமீன்கள் போய், 1980 நவம்பரில்தான் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அடங்கலும் சிட்டாவும் பெயர் மாறாமல் அவர் கைக்குப் போயின. எவருடைய மகனும் தேர்வு எழுதி அந்த நாற்காலியில் உட்காரலாம் என்றானதை, நான் பெரிய விடுதலையாகவே நினைக்கிறேன்.

சேரன்மகாதேவி அக்காவின் வில்லங்கம் அந்தப் பழைய ஏற்பாட்டிலேயே கிடந்தது. பூட்டன் ஒழுங்காகப் பணம் கொடுத்து, ஒழுங்காகப் பதிவு செய்து வாங்கியிருக்கிறார். ஆனால் பட்டா அவர் பெயருக்கு மாறவே இல்லை. பதிவு ஒரு இலாகா, பட்டா இன்னொரு இலாகா. பத்திரத்தைக் கர்ணத்திடம் கொண்டுபோய்க் காட்டிப் பெயர் மாற்றாதவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. விற்றவர் குடும்பத்துப் பெயரே இன்றுவரை பட்டாவில் நிற்கிறது. மூலப்பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் எடுக்க ஒரு மனு, வில்லங்கச் சான்றுக்கு ஒன்று, வாரிசுச் சான்றுகளுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுத் தாள். மூன்றையும் எழுதிக் கொடுத்து, வருகிற ஜமாபந்தியில் தாலுகா அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய பட்டா மாறுதல் மனுவையும் அன்றைக்கே சேர்த்து எழுதிவிட்டேன்.