ஆடும் வீடியோவை அடக்கும் மென்பொருள்

கையில் பிடித்து எடுக்கும் வீடியோ ஆடாமல் இருக்காது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கேமரா ஏறி இறங்கும்; நின்றபடி எடுத்தாலும் மூச்சும் மணிக்கட்டின் நடுக்கமும் படத்தில் தெரியும். ஜூம் செய்தால் அந்த நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். எடுத்து முடித்த வீடியோவில் இந்த ஆட்டத்தைக் குறைப்பதற்காகவே எடிட்டிங் மென்பொருள்களில் ஸ்டெபிலைசேஷன் என்ற வசதி இருக்கிறது.

முதலில் கேமரா எப்படி அசைந்தது என்று தெரிய வேண்டும். அதற்கான தடயம் படத்திலேயே கிடக்கிறது. எளிதில் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை மென்பொருள் பொறுக்கிக்கொள்கிறது: ஜன்னலின் மூலை, பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தின் முனை. வெள்ளைச் சுவரின் நடுப்பகுதி உதவாது. எங்கும் ஒன்றுபோல இருப்பதால் அது நகர்ந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. விளக்குக் கம்பத்தின் விளிம்பும் அரைகுறைதான். பக்கவாட்டு அசைவை அது காட்டும்; மேலும் கீழுமான அசைவைக் காட்டாது. மூலைகள்தான் இரண்டு திசைக்கும் பிடி கொடுப்பவை. இந்தப் புள்ளிகள் அடுத்தடுத்த பிரேம்களில் எங்கே போயின என்று தேடுவதே மோஷன் டிராக்கிங். 1981இல் புரூஸ் லூக்கஸ், டகேயோ கனடே இருவரும் வெளியிட்ட கணக்குமுறை இதற்கு இன்றும் பயன்படுகிறது.

சாலையில் குறுக்கே ஓர் ஆட்டோ போனால் அதன்மேல் உள்ள புள்ளிகளும் நகரும். அது கேமராவின் அசைவு அல்ல. ஆகவே பெரும்பாலான புள்ளிகள் ஒத்துக்காட்டும் நகர்வை மட்டும் ஏற்று, முரண்படுபவற்றை மென்பொருள் ஒதுக்கிவிடும். ஊர்வலக் கூட்டம் பிரேமை நிறைத்துவிட்டால் இந்தக் கணக்கு ஏமாந்துபோகும். அப்போது பின்னால் அசையாமல் நிற்கும் கட்டடத்தில் டிராக்கிங் புள்ளியைக் கையாலேயே வைத்துக் கொடுப்பது நல்லது.

இப்படிக் கிடைத்த கேமராவின் பாதையில், வேண்டுமென்றே செய்த திருப்பமும் வேண்டாத உதறலும் கலந்திருக்கும். திருப்பம் மெதுவானது, உதறல் வேகமானது. வேகமானதை மட்டும் வடித்தெடுத்துவிட்டு, ஒவ்வொரு பிரேமையும் அதற்கு எதிர்த்திசையில் நகர்த்தியும் சுழற்றியும் வைத்தால் காட்சி நிதானப்படும். நகர்த்தியதால் ஓரங்களில் கறுப்பு இடைவெளி விழும். அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டியாக வேண்டும். இதற்காகத்தான் அனுபவமுள்ளவர்கள் 3840×2160 பிக்ஸல் கொண்ட 4கே அளவில் எடுத்து 1920×1080 அளவில் முடிக்கிறார்கள். வெட்டுவதற்குத் தாராளமாக இடம் இருக்கும், தெளிவும் குறையாது.

இந்தத் தொழில்நுட்பம் குற்றப் புலனாய்வுக்கும் போயிருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது நூற்றாண்டுப் பூங்காவில் குண்டு வெடித்தது. அது தொடர்பான வீடியோவை ஆராய எஃப்.பி.ஐ., நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தின் உதவியை நாடியது. அங்கே சூரியனை ஆராய்ந்துவந்த டேவிட் ஹாத்வேயும் வானிலையை ஆராய்ந்துவந்த பால் மேயரும் அதைத் திருத்தினார்கள். அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான் ‘விசார்’ மென்பொருள். பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்திவிட்டால், இருட்டில் எடுத்த படத்தில் மொய்க்கும் புள்ளிக் குப்பையும் குறையும் என்பது இதில் கூடுதல் லாபம்.

எல்லாவற்றையும் மென்பொருளால் மீட்க முடியாது. கேமரா உதறிய கணத்தில் பிரேமுக்குள்ளேயே விழுந்த மங்கல் அப்படியே நிற்கும். அசைவு அடங்கியபின் அந்த மங்கல் இன்னும் உறுத்தலாகத் தெரியும். செல்போன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வரும் கோணல் இன்னொரு தொல்லை. மேல் வரியும் கீழ் வரியும் வெவ்வேறு கணத்தில் பதிவாவதால் கட்டடங்கள் ஜெல்லியைப் போல நெளியும். இதைத் திருத்தத் தனி வசதி உண்டு என்றாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. படத்தையே வளைத்துச் சரிசெய்யும் அடோபியின் வார்ப் ஸ்டெபிலைசர் 2011இல் வந்தது. அருகிலும் தொலைவிலும் பொருள்கள் உள்ள காட்சிகளை அது நன்றாகச் சமாளிக்கும். ஆனால் அளவு கூடினால் பின்னணிச் சுவர் அலைபாயும்.

வார்ப் ஸ்டெபிலைசரில் ஸ்மூத்னெஸ் அளவு தொடக்கத்தில் 50 சதவீதமாக இருக்கும். நடந்துகொண்டு எடுத்த காட்சிக்குப் பெரும்பாலும் அவ்வளவு தேவையில்லை. அதைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் மிச்சமிருந்தாலும் சுவர் நெளிவதைவிட அதுவே மேல்.