நாய்க்குட்டிக்குச் சீனி உருண்டை: குணமானதை யார் சொல்வது?

பேராக்கில் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா, சென்ற ஆண்டு ஒரு நாய்க்குட்டி வளர்த்தார். மூன்று மாதக் குட்டி. ஒரு சனிக்கிழமை அது சோற்றைத் தொடவில்லை. மாலையில் வாந்தி எடுத்தது. மறுநாள் வயிற்றுப்போக்கு. "டவுனுக்குக் கொண்டு போனா முந்நூறு நானூறு வெள்ளி கேப்பாங்கம்மா. ஹோமியோபதி மருந்து வாங்கிட்டு வா. பின் லயத்துல பூனைக்குக் கொடுத்து நல்லாயிடுச்சாம்" என்றார்.

வாங்கிக் கொடுத்தது நான்தான். திங்கட்கிழமை காலை குட்டி எழுந்து வாலை ஆட்டியது. "பாத்தியா, கேக்குது" என்று பெரியம்மாவுக்குச் சந்தோஷம். செவ்வாய்க்கிழமை மலத்தில் இரத்தம் வந்தது. புதன்கிழமை கிளினிக்குக் கொண்டு போனோம். பார்வோ வைரஸ் என்றார் கால்நடை மருத்துவர். அன்றிரவே குட்டி இறந்துவிட்டது. அதற்குத் தடுப்பூசி ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை.

அதன்பிறகுதான் இந்த மருத்துவத்தைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஹோமியோபதியை உருவாக்கியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மானிய மருத்துவர். நலமாக இருப்பவருக்கு எந்தப் பொருள் ஒரு நோயின் அறிகுறியை உண்டாக்குகிறதோ, அதே பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அந்த நோய் தீரும் என்பது 1796இல் அவர் முன்வைத்த கருத்து. அவர் காலத்திலேயே இது விலங்குகளுக்கும் வந்துவிட்டது. லைப்சிக் நகரின் கால்நடை மருத்துவர் லுக்ஸ், 1833இல் இன்னும் ஒரு படி மேலே போனார். நோயுற்ற விலங்கின் சளி, இரத்தம் ஆகியவற்றையே நீர்த்து மருந்தாக்கலாம் என்று எழுதினார். இன்று 'நோசோட்' என்ற பெயரில், தடுப்பூசிக்குப் பதில் என்று சொல்லி விற்கப்படும் சொட்டு மருந்துகளின் மூலம் அதுதான்.

எவ்வளவு நீர்ப்பார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புட்டியில் '30சி' என்று போட்டிருந்தால், ஒரு பங்கு மருந்தை 99 பங்கு நீரிலோ சாராயத்திலோ கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலந்து, இப்படி 30 முறை செய்ததாகப் பொருள். ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்ஜியம் போட்டால் வரும் எண்தான் அதன் நீர்ப்பு. 13ஆவது முறையிலேயே, ஒரு சொட்டை உலகக் கடல்கள் அனைத்திலும் கலந்ததைவிட அதிகமாக நீர்த்துப்போகிறது. மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட அந்த உருண்டையில் மிஞ்ச வாய்ப்பில்லை. மிஞ்சுவது சீனிதான்.

நம்மவர்கள் பலர் இதை நாட்டு மருந்தோடு சேர்த்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும்போது அங்கே ஒரு பொருள் இருக்கிறது. அது வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்று சோதிக்கலாம். 30சி உருண்டையில் சோதிக்கவே எதுவும் இல்லை.

"அப்படியானால் நாய்க்கு எப்படிக் கேட்டது? நாய்க்கு நம்பிக்கை மருந்து என்று எதுவும் கிடையாதே" என்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு இரண்டு ஆய்வுகளில் நல்ல பதில் இருக்கிறது.

தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்கள் நம் வீடுகளில் உண்டு. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப் பயப்படும் 75 நாய்களில் சிலவற்றுக்கு ஹோமியோபதி மருந்தும் மற்றவற்றுக்கு வெறும் திரவமும் கொடுத்தார்கள். எது எதற்குப் போகிறது என்று உரிமையாளர்களுக்குத் தெரியாது. 2008இல் முடிவு வெளியானது. இரு தரப்பு உரிமையாளர்களும் தங்கள் நாய் தேறியதாகவே சொன்னார்கள். இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு இல்லை.

2012இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு, மூட்டுவலியால் நொண்டிய 58 நாய்களைப் பற்றியது. அவற்றுக்குக் கொடுத்தது மருந்தே இல்லாத மாத்திரை. நாய் நடக்கும்போது காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்பதைக் கருவி அளந்தது. கருவியில் முன்னேற்றம் தெரியாத நாய்கள் பலவற்றை 'நன்றாக நடக்கிறது' என்றார்கள் உரிமையாளர்கள். உரிமையாளர் மட்டுமல்ல, பரிசோதித்த கால்நடை மருத்துவர்களும் அப்படி ஏமாந்தார்கள்.

நாய்க்கு நம்பிக்கை தேவையில்லை. நமக்கு இருந்தால் போதும், நம் கண் நாம் விரும்பியதைப் பார்த்துவிடும். அதோடு சொறி, மூட்டுவலி, சாதாரண வயிற்றுப்போக்கு போன்றவை ஏறி இறங்கும் தன்மை உள்ளவை. ஏறியிருக்கும்போதுதான் மருந்து தேடுவோம், பிறகு அது தானாக இறங்கும். பின் லயத்துப் பூனை அப்படித்தான் பிழைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்டிய வாலையும் நான் இப்போது அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

"ஐரோப்பாவில் மாட்டுக்கே கொடுக்கிறார்கள்" என்ற வாதமும் உண்டு. உண்மைதான். அங்குள்ள இயற்கை வேளாண் விதிகள் ஹோமியோபதிக்கு முன்னுரிமை தருகின்றன. ஆனால் அந்த நோய்க்கு, அந்த விலங்குக்கு அது பலன் தருவதாக இருந்தால் என்ற நிபந்தனை அதே விதியில் உள்ளது. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அரச கல்லூரி, இதற்கு ஏற்கத்தக்க ஆதாரத் தொகுப்பு இல்லை என்று 2017இல் அறிவித்தது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் ஹோமியோபதியை ஒரு மருத்துவத் துறையாக ஏற்கிறது. அது மனிதர்களுக்கான சட்டம். விலங்குக்குச் சிகிச்சை தருபவர் 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயிலிருந்தும் வலியிலிருந்தும் வளர்ப்புப் பிராணியைக் காப்பது உரிமையாளரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கிறது.

செலவுதான் பலருக்கும் தடை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தனியார் கிளினிக் ஒன்றுதான் வழி என்றில்லை. மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். ஆடு, மாடு, கோழி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். நாய், பூனை வளர்ப்பவர்கள்தான் அந்தப் பக்கம் போவதில்லை. முதலில் போன் செய்து அங்கே என்ன சிகிச்சை உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் போக்குமாகப் படுத்தால் அது பார்வோவாக இருக்கலாம். உடனே ட்ரிப் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன, விட்டால் பெரும்பாலானவை சாகின்றன. ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ஈறு வெளுத்துப்போவதும் மூச்சு வாங்குவதும் இதே அவசரம்தான். இன்னொன்று: வீட்டில் இருக்கிறதே என்று பூனைக்குப் பெனடோல் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடலாம்.

காட்டு விலங்குகளின் கதை வேறு. செம்பனை வெட்டும்போதோ கூரையைப் பிரிக்கும்போதோ முசாங் என்று நாம் சொல்லும் மரநாயின் குட்டி கிடைக்கிறது. அடிபட்ட குரங்கோ தேவாங்கோ சாலையோரம் கிடக்கிறது. இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து பாலும் சொட்டு மருந்தும் கொடுப்பவர்கள் உண்டு. நோயாளியிடம் நிறையக் கேள்வி கேட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஹோமியோபதியின் முறை. வளர்ப்பு நாயைப் பற்றியாவது நாம் பதில் சொல்லலாம். நேற்று கண்டெடுத்த மரநாயைப் பற்றி யார் சொல்வது? காட்டு விலங்கு தன் நோயை மறைத்துக்கொள்ளும். தெரிய வரும்போது அநேகமாக முற்றியிருக்கும். வாயில் ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போய்ச் செத்த குட்டிகளும் உண்டு.

நமக்கும் ஆபத்துண்டு. 1998-99இல் நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைப் பெற்ற நிப்பா வைரஸ், நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. அது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் வந்தது. கீழே கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே வேண்டாம்.

காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிட்டு, எதுவும் ஊட்டாமல் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையை அழையுங்கள். பேராக், சுங்கையில் அவர்களுக்கு மீட்பு மையமே இருக்கிறது. உரிமமில்லாமல் பாதுகாக்கப்பட்ட விலங்கை வீட்டில் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வைத்தியம் பார்க்கத்தான் வைத்திருந்தேன் என்று பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

பெரியம்மா வீட்டில் இப்போது வேறொரு குட்டி. அதன் தடுப்பூசி அட்டை சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஊசித் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். அந்தச் சீனி உருண்டைப் புட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை. தனக்குச் சளி பிடித்தால் நாலு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்.