அஞ்சற்பெட்டி எண் 25, பார்னற்

லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர் தொலைவில் உள்ள பிளெச்லி பார்க் வளவு வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் எனிக்மா மறைகுறிகள் உடைக்கப்பட்ட இடம் அது. வளவுக்குள் நுழைந்ததும், பிரித்தானிய வானொலிச் சங்கம் 2012இல் திறந்துவைத்த தேசிய வானொலி நிலையத்தைக் காணலாம். அதன் அழைப்புக்குறி ஜி.பி.3 ஆர்.எஸ். இங்கே பாட்டும் இல்லை, செய்தியறிக்கையும் இல்லை. காதுக்கருவியை மாட்டிய ஒருவர் தந்திச் சாவியின் முன்னால் அமர்ந்து, யாராவது இருக்கிறீர்களா என்று உலகத்தை நோக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் வந்தால் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, வந்த ஒலியின் தரத்தை மூன்று இலக்கங்களில் அறிவித்து, 73 என்ற எண்ணால் வாழ்த்துக் கூறி விடைபெறுகிறார். அவ்வளவுதான்.

இவர்களை அமெச்சூர் வானொலியாளர்கள் என்பர். 'ஹாம்' என்ற பெயரும் உண்டு. பரீட்சை எழுதி, அரசின் அனுமதிப் பத்திரம் பெற்று, சொந்தப் பணத்தில் கருவி வாங்கி அல்லது தாமே செய்து, ஊதியமின்றி இயங்குபவர்கள். பிரித்தானியாவில் ஒரு வரலாற்று நாளையோ இடத்தையோ நினைவுகூர இவர்கள் சிறப்பு நிலையம் அமைக்கும்போது அதன் அழைப்புக்குறி பெரும்பாலும் ஜி.பி. என்று தொடங்கும். தேம்ஸ் நதியில் நங்கூரமிட்டிருக்கும் பெல்பாஸ்ற் போர்க்கப்பலிலும் அப்படி ஒன்று உண்டு: ஜி.பி.2 ஆர்.என். 1944 ஜூன் 6இல் நோர்மண்டிக் கரையை நோக்கிச் சுட்ட கப்பல் அது. இன்று அதன் வானொலி அறையிலிருந்து, வயது முதிர்ந்த முன்னாள் கடற்படையினர் ஜேர்மனியில் உள்ள முதியவர்களுடன் காலநிலை பற்றிப் பேசுகிறார்கள். தொடர்பு கொண்டவர்கள் அடையாளமாக ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பிக்கொள்வர். அந்த அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், இதனை ஓய்வுபெற்ற மனிதர்களின் விளையாட்டு என்றே நாம் முதலில் எண்ணியிருந்தோம். பிளெச்லியில் கழித்த ஒரு பிற்பகலும், பின்னர் படித்த சில ஆவணங்களும் அந்த எண்ணத்தை மாற்றின.

1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது, பிரித்தானிய அரசு அமெச்சூர் வானொலியாளர் அனைவரதும் அனுமதிப் பத்திரங்களை இரத்துச் செய்தது. தபால் திணைக்கள அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று ஒலிபரப்புக் கருவிகளைக் கைப்பற்றினர். போர் வந்தால் அரசு முதலில் அடைப்பது குடிமகனின் வாயை. இதில் வியப்பில்லை, நாம் பிறந்த மண்ணிலும் பார்த்தது இதுவே. வியப்பு அடுத்து நடந்ததில் உள்ளது. கருவியைப் பறித்த அதே அரசு, சில வாரங்களில் அவர்களின் கதவை மீண்டும் தட்டியது. இம்முறை வேண்டியது அவர்களின் காது.

நாட்டுக்குள் ஊடுருவிய ஜேர்மானிய உளவாளிகள் வானொலி வழியே தகவல் அனுப்பக்கூடும் என்ற அச்சம் அப்போது இருந்தது. அதனைக் கண்காணிக்க 'வானொலிப் பாதுகாப்புச் சேவை' என்றோர் இரகசியப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் முதல் அலுவலகம் லண்டனில் ஒரு சிறைச்சாலை, வேர்ம்வுட் ஸ்கிறப்ஸ். நலிந்த மோர்ஸ் ஒலியை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் இராணுவத்தில் போதிய அளவில் இல்லை. அந்தத் திறமை நாடெங்கும் சமையலறை மூலைகளிலும் தோட்டக் கொட்டில்களிலும் பழகப்பட்டிருந்தது. சான்ட்ஹேர்ஸ்ற் பிரபு வானொலிச் சங்கத் தலைவரை அணுகினார். சங்க உறுப்பினர் பட்டியலிலிருந்து ஆட்கள் இரகசியமாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். காலப்போக்கில் அவர்களின் தொகை ஏறத்தாழ 1,500 ஆயிற்று. ஆங்கிலத்தில் அவர்களுக்கு இடைமறிக்கும் தொண்டர்கள் என்று பெயர்.

அவர்களில் எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் எனப் பலவகையினர் இருந்தனர். பகலில் தம் வேலை. இரவில் ஒதுக்கப்பட்ட சிற்றலைப் பகுதியைத் தடவித் தடவித் தேடுவது. படைகளின் சாதாரண நிலையங்களை விலக்கிவிட வேண்டும். தன்னை அறிவிக்காமல், மெல்லிய ஒலியில், சில நிமிடம் மட்டும் தோன்றி மறைகின்ற நிலையத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் ஐந்து ஐந்தாக வரும் எழுத்துக்களைப் பென்சிலால் எழுத வேண்டும். அதில் ஒரு சொல்கூட அவர்களுக்கு விளங்காது. விளங்காத ஒன்றைப் பிழையின்றி எழுதுவது எத்தகைய தவம் என்பதை, புரியாத மொழியில் அச்சிட்ட படிவங்களை நிரப்பிப் பழகிய எம் வாசகர்கள் ஓரளவு உணர்வர். சாவியை அழுத்தும் தாளத்தைக் கொண்டே அனுப்புபவர் யாரென அறியும் நிலைக்குச் சிலர் தேறினர். கையெழுத்தைப் போல அதுவும் ஆளுக்காள் வேறுபடும். முகம் அறியாத அந்த எதிரி நாட்டு மனிதன் களைத்திருக்கிறானா, பதற்றப்படுகிறானா என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது.

எழுதி முடித்த தாள்களை இரண்டு உறைகளுக்குள் இட்டு அஞ்சலில் சேர்ப்பார்கள். முகவரி: அஞ்சற்பெட்டி எண் 25, பார்னற். அந்தப் பெட்டிக்குப் பின்னால், வட லண்டன் எல்லையில் ஆர்க்லி என்ற இடத்தில், 1940 ஒக்டோபர் முதல் சேவையின் தலைமையகம் இயங்கிற்று. தாளை அனுப்பியவர் அந்த இடத்தைக் கண்டதுமில்லை. தாம் எழுதியது என்ன ஆயிற்று என்று கேட்டதுமில்லை.

அரசு தேடிய உளவாளி நிலையங்கள் பிரித்தானிய மண்ணில் அகப்படவில்லை என்பது இக்கதையின் வேடிக்கை. அகப்பட்டது அதைவிடப் பெரியது: ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த 'அப்வேர்' என்னும் ஜேர்மானிய இராணுவப் புலனாய்வின் வானொலி வலை. ஆரம்பத்தில் அதிகாரபீடம் இத்தாள்களைப் பொருட்படுத்தவில்லை. பிரிவில் பணியாற்றிய ஒக்ஸ்போர்ட்காரர் இருவர், ஈ. டபிள்யூ. பி. கில், ஹியூ ட்ரெவர்-ரோப்பர் ஆகியோர், 1940 தொடக்கத்தில் ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தபடியே அந்தக் கைமறைகுறிகளில் ஒன்றை உடைத்தனர். மெச்சுவதற்குப் பதிலாக மேலிடம் சினந்தது. மறைகுறி உடைப்பது வேறு திணைக்களத்தின் வேலையாம். பல்கலைக்கழகத்தில் சில காலம் விரிவுரையாற்றிய எமக்கு இந்தச் சினம் மிகவும் அறிமுகமானது. இதே ட்ரெவர்-ரோப்பர் பின்னாளில் பெரும் வரலாற்றுப் பேராசிரியராகி, 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்பு எனக் கொண்டுவரப்பட்ட போலிக்கு நற்சான்று கூறிப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர். பென்சில் தாள்களை நம்பியபோது அவர் தவறவில்லை.

1940 முடிவில் ஒலிவர் ஸ்ராச்சியின் குழு அப்வேரின் கைமறைகுறிகளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது. 1941 டிசெம்பரில் டில்லி நொக்ஸ், மேவிஸ் லீவர், மார்கரட் றொக் ஆகியோர் அப்வேரின் எனிக்மாவையும் உடைத்தனர். அந்த ஒரு வழியில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 செய்திகள் போர் முடிவதற்குள் படிக்கப்பட்டன. இதனால் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்ட உளவாளிகள் வரும்போதே பிடிபட்டனர். பலர் பிரித்தானியாவுக்காகப் பொய்த் தகவல் அனுப்புவோராக மாற்றப்பட்டனர். அப்பொய்களை பேர்லின் நம்புகிறதா என்பதை அப்வேரின் செய்திகளைப் படித்தே அறிந்தனர். தரையிறக்கம் நோர்மண்டியில் அன்று, கலே கரையில்தான் என்று ஜேர்மானியரை நம்பவைத்த 1944ஆம் ஆண்டுச் சூழ்ச்சிக்கும் அடித்தளம் அந்தச் சமையலறை மூலைகளில் இருந்தது.

போர் முடிந்தது. 1946இல் அனுமதிப் பத்திரங்கள் திரும்பக் கிடைத்தன. அவர்களோ இரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்கவில்லை. இளைஞன் படைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறானே என்று அயலார் ஏளனம் செய்த காலத்தில் சிலருக்கு வானவேவுப் படையின் சீருடை கொடுத்துச் சமாளித்தார்கள். இரவில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்ட மனைவிக்குச் சொல்ல எதுவும் கொடுக்கப்படவில்லை. 1979இல் பி.பி.சி. ஒரு விவரணப் படத்தில் இக்கதையை வெளியிட்டபோது அவர்களில் கணிசமானோர் இறந்துவிட்டிருந்தனர்.

இங்கே நாம் சற்று விலகி, ஆர்க்லியிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கும் ட்ரென்ற் பார்க் மாளிகைக்குப் போக வேண்டும். அங்கு சிறைவைக்கப்பட்டிருந்த ஜேர்மானியத் தளபதிகளின் அறைகளில் ஒலிவாங்கிகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. 1943 முதல் அடித்தளத்தில் அமர்ந்து அவர்களின் பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்தோரில் பலர் அகதிகள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த, பெரும்பாலும் யூத இளைஞர்கள். 1940இல் இதே அரசு அவர்களைப் போன்றோரை 'எதிரி நாட்டவர்' என்று முத்திரையிட்டு, ஏறத்தாழ 27,000 பேரை முகாம்களில் அடைத்திருந்தது. பேர்லினில் பிறந்த பிரிற்ஸ் லுஸ்ரிக் அவர்களில் ஒருவர். மான் தீவில் தடுத்துவைக்கப்பட்டு, பின்னர் முன்னோடிப் படையில் சேர்ந்து அதன் இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். கடைசியில் இந்த ஒற்றுக்கேட்கும் பணிக்கு எடுக்கப்பட்டார். 2017இல் காலமானார். முள்வேலிக்குள் அடைத்தவனின் மொழியறிவு பின்னர் அந்நாட்டைக் காக்கத் தேவைப்பட்டது. விசாரணை அறையில் தம் நாட்டையும் மொழியையும் பற்றிச் சந்தேகக் கண்ணோடு கேள்வி கேட்கப்பட்ட எவரும் இதனை மறக்கமாட்டார்.

அவர்கள் கேட்டவற்றுள் ஏவுகணைத் திட்டம் பற்றிய தகவல்கள் இருந்தன. யூதர்கள் கொல்லப்பட்டதைத் தளபதிகள் தம் வாயாலேயே விவரித்த பேச்சுக்களும் இருந்தன. தம் உறவினர் எங்கே என்று அறியாத இளைஞர்கள் அதனைக் காதில் வாங்கி, எழுதி, கோப்பில் சேர்த்தார்கள். கேட்ட முறையை மறைக்க வேண்டியிருந்தமையால் அப்பதிவுகள் நூரெம்பேர்க் நீதிமன்றுக்கு வைக்கப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே கோப்புகள் திறக்கப்பட்டன. சாட்சியம் இருந்தும் சபையேறாத கதை இது. நாம் அறிந்த வேறு சாட்சியங்களையும் இது நினைவூட்டுகிறது.

இலங்கையும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. சிங்கப்பூரிலிருந்து பின்வாங்கிய பிரித்தானியரின் இடைமறிப்புப் பிரிவு 1942இல் கொழும்புக்கு வந்தது. ஏப்பிரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபின் கென்யாவுக்குப் போய், 1943இல் மீண்டும் கொழும்பு திரும்பியது.

கேட்பது பற்றி எமக்கும் ஒரு கதை உண்டு. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் கொடுத்தோம். எங்கள் ஒழுங்கையில் சுற்றும் முறை சிறுவர்களாகிய எமக்கு. கை தளர்ந்தால் பி.பி.சி. தமிழோசை அமிழ்ந்துபோகும், பெரியவர்கள் அதட்டுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், ஒவ்வோர் இரவும் கேட்ட செய்தியைத் திகதியிட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். இரைச்சலில் தவறிய சொல்லுக்கு இடம் விட்டு எழுதுவார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது அந்தக் கொப்பிகள் வீட்டோடு நின்றுவிட்டன. பிரித்தானியத் தொண்டர்களின் தாள்களிலிருந்து உடைத்தெடுத்த செய்திகளோ இன்று கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. வாசகர் அட்டை எடுத்தால் எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

நினைவுகூரல் என்பது மலர்வளையத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதை 2007 நவம்பரில் இவ்வானொலியாளர்கள் காட்டினார்கள். ஜேர்மானிய மேலிடம் பயன்படுத்திய லோரன்ஸ் என்னும் மறைகுறி இயந்திரத்தை உடைக்க உதவியது கொலோசஸ்; தபால் திணைக்களப் பொறியியலாளர் ரொமி பிளவர்ஸ் 1944இல் இயங்கவைத்தது. போருக்குப்பின் அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டன. ரொனி சேல் என்பவர் பதினான்கு ஆண்டுகள் உழைத்து ஒன்றை மீளக் கட்டினார். அது முடிந்ததும் ஒரு போட்டி வைத்தார்கள். ஜேர்மனியின் பாடர்போர்ன் நகர அருங்காட்சியகத்திலிருந்து, உண்மையான லோரன்ஸ் இயந்திரத்தில் மறைத்த செய்திகளை டி.எல்.0 எச்.என்.எப். என்ற அழைப்புக்குறியில் அனுப்பினர். இங்கே மில்ற்றன் கீன்ஸ் வானொலியாளர்கள் அவற்றைப் பிடித்து பிளெச்லிக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாள் வளிமண்டலம் ஒத்துழைக்கவில்லை. நல்ல ஒலி கிடைக்கவில்லை. இதற்கிடையில் பொன் நகரத்து ஜோக்கிம் ஷூத் என்ற ஜேர்மானியர் தாமே செய்தியைப் பிடித்து, தாம் எழுதிய கணினி நிரலால் வென்றுவிட்டார். அவரது கணினிக்குத் தேவைப்பட்டது 46 விநாடி. கொலோசசுக்கோ மறுநாள் மூன்றரை மணித்தியாலம். தோற்றவர்கள் அவரை மனமார வாழ்த்தினார்கள்.

பிளெச்லியில் நாம் சந்தித்த தொண்டரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றோம். சுவரில் இருந்த உலக வரைபடத்தில் விரலை வைத்து, "4 எஸ் 7" என்றார். இலங்கையின் அழைப்புக்குறி அவ்வாறு தொடங்கும். முன்னொரு காலத்தில் அங்கிருந்து தமக்கு ஒரு அட்டை வந்ததாகவும் அது வீட்டில் எங்கோ இருப்பதாகவும் சொன்னார். பிறகு எம்மிடம் காதுக்கருவியைத் தந்து, குமிழை மிக மெதுவாகத் திருப்பினார். இரைச்சல், நடுவே இரண்டு மூன்று ஐரோப்பிய நிலையங்கள், மீண்டும் இரைச்சல். இந்த நேரத்தில் அந்தத் திசை திறப்பதில்லை, மாலையில் வந்தால் ஒருவேளை கேட்கலாம் என்றார். நாம் இன்னும் சிறிது நேரம் காதுக்கருவியைக் கழற்றாமல் இருந்தோம். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.