குருதியில் தெரியும் நோயின் கடுமை

நச்சுயிரியால் நுரையீரல் அழற்சியுற்ற இருவரில் ஒருவர் வீட்டிலேயே தேறுவார். மற்றவர் மூச்சுக்குத் திணறுவார். எவர் நிலை முற்றும் என முன்னுணரக் குருதிச் சோதனை துணைசெய்கிறது.

2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சீனத்து ஊகான் நகரில் கோவிட் நோயாளரை ஆராய்ந்த மருத்துவர்கள், நோய் முற்றியோரிடம் நிணவணுக்கள் அருகியிருக்கக் கண்டனர். இவை நச்சுயிரியோடு பொருதும் வெள்ளணு வகை. வளர்ந்தோர் குருதியில் கன மில்லிமீட்டருக்கு 1,000-க்குக் குறையாதிருத்தல் இயல்பு.

சி-ரியாக்டிவ் புரதமோ ஏறும். அழற்சி கண்டதும் கல்லீரல் இதனை மிகுதியாகச் சுரக்கும். 1930-இல் இதனை முதன்முதல் கண்டதே நுரையீரல் அழற்சி நோயாளரின் குருதியில்தான். ஆயின் அது பாக்டீரியாவால் வந்த அழற்சி. எனவே இது கடுமையைக் காட்டுமேயன்றிக் கிருமி இன்னதென்று கூறாது.

ஒருநாள் எண்ணும் போதாது. (ஒரே தேர்வுத்தாளால் மாணவனை அளக்கும் பிழையை நாமும் செய்வதுண்டு.) அடுத்தடுத்த நாள்களில் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதையும், மூச்சின் விரைவையும், உயிர்வளி அளவையும் சேர்த்தே மருத்துவர் முடிவுசெய்வர்.