சுத்தியல் ஓசை நின்ற பிறகு

அவிநாசி சாலையிலிருந்து அனுப்பர்பாளையத்துக்குள் திரும்பும் விருந்தாளியை முதலில் எதிர்கொள்வது ஊரின் ஓசைதான். பித்தளைத் தகட்டைக் குடமாகவும் அண்டாவாகவும் வளைத்தெடுக்கும் சுத்தியல்களின் இடையறாத நாதத்தோடு, பக்கத்துச் சந்துகளில் பெருகிவிட்ட பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக் இரைச்சலும் சேர்ந்துகொண்டு, பழகாத காதைத் திகைக்க வைக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கோ அது கேட்பதேயில்லை. சட்டென்று நின்றுவிட்டால் மாத்திரம், கரண்ட் போயிற்றோ, எவர் கையிலாவது அடிபட்டுவிட்டதோ என்று தலையை நிமிர்த்துகிறான்.

அமெரிக்கத் திகில் படங்களில் பார்க்கத் தகுந்தவை எவை என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் காதை நம்பி எடுத்த படங்களாகவே அமைந்துவிடுவதற்கு இந்த ஊர்வாசமே காரணம் போலும். எங்கள் தெருவில் வெகுகாலம் பாத்திரப் பட்டறை நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் உண்டு. ஒரு குடத்தை விரல்கணுவால் தட்டிப் பார்த்தே, அதில் மயிரிழை விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் அறியாத அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வைப் போட்டபோது, பாதிப் படம் வரையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், ஓரிடத்தில் என் முழங்கையைப் பற்றி, “சத்தம் நின்னுபோச்சுங் தம்பி, இனித்தானுங்க இருக்குது” என்றார்.

அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் கதை மிகச் சிறியது: கால் முறிந்து மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் முடங்கிய ஒரு புகைப்படக்காரர், பொழுது போகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கையில், அவற்றில் ஒன்றின் பின்னே ஒரு கொலை நடந்திருக்கக் கூடும் என்று சந்தேகிக்கிறார். முற்றத்தையும் அதைச் சூழ்ந்த வீடுகளையும் பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்குள்ளேயே எழுப்பிய ஹிட்ச்காக், பின்னணி வாத்தியத்தை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்துவிட்டு, அண்டைவீட்டு ரேடியோ, சங்கீதக்காரர் ஒருவர் அடித்து அடித்துத் திருத்தும் பியானோ, தெருக் குழந்தைகளின் கூச்சல், நடுநிசியில் எங்கோ உடையும் கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டே நம் நெஞ்சைப் பிசைகிறார். அவையெல்லாம் அடங்கிய பின் மாடிப்படியில் ஒரு காலடி மெதுவாக ஏறி வருவதும், கதவடியில் தெரிந்த வெளிச்சக் கீற்று அணைந்துபோவதுமாகிய அந்தச் சில கணங்களுக்காகவே இப்படத்தைப் பட்டியலின் தலையில் வைக்கிறேன்.

இந்தச் சாமர்த்தியம் அமெரிக்கர்களின் ஏகபோகமன்று. ‘ரியர் விண்டோ’வுக்கு நான்கு மாதம் முந்தியே, அதே 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, ஏவி.எம். நிறுவனம் ‘அந்த நாள்’ என்ற படத்தை வெளியிட்டது. டைரக்ஷன் எஸ். பாலசந்தர், வயது இருபத்தேழு. வீணையில் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி எய்தப்போகும் அந்த மேதை, பாட்டும் கூத்தும் இல்லாமல் தமிழில் ஒரு படம் எடுத்தார் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சங்கீதம் தெரிந்தவனுக்குத்தானே எங்கே அதை நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்! 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களில் ரேடியோ என்ஜினீயர் ஒருவர் சுடப்பட்டு இறக்கிறார். வேட்டுச் சத்தத்தில் தொடங்கும் கதையில், துப்பறிய வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவரையும் விசாரிக்க, ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு கொலையாளி புறப்படுகிறார். குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதல் இது. வசூல் பிரமாதமாக இல்லை. அவ்வாண்டு தமிழ்ப் படத்துக்கான ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் எங்கள் கோயமுத்தூர்ப் பக்ஷிராஜா ஸ்டூடியோவின் ‘மலைக்கள்ளன்’ படத்துக்குப் போயிற்று. ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழோடு நின்றது. ஊர்ப்பற்றைக் கடந்து சொன்னால், பதக்கம் இடம் மாறியிருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கே திரும்புவோம். ‘ஸாரி, ராங் நம்பர்’ (1948) படத்தில், படுக்கையைவிட்டு எழ முடியாத சீமாட்டி ஒருத்தி, டெலிபோனில் தவறிக் கலந்த இணைப்பில் யாரோ இருவர் ஒரு கொலைக்கு நேரம் குறிப்பதைக் கேட்டுவிடுகிறாள். ‘வெயிட் அண்டில் டார்க்’ (1967) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் கண் தெரியாதவளாக வருகிறாள். உச்சக்கட்டத்தில் திரை இருளுமிடத்துக்கு இசைவாக, அந்நாளில் கொட்டகை விளக்குகளையும் இயன்றவரை அணைத்தார்களாம். இவ்விரண்டையும்விட ஆழமானது பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’ (1974). பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், ஜன சந்தடி மிக்க பூங்காவில் ஓர் ஆணும் பெண்ணும் உலவியபடி பேசியதை ஒலிநாடாவில் பதிந்து, இரைச்சலை வடிகட்டி வடிகட்டி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். குடத்தைத் தட்டிப் பார்க்கும் எங்கள் பெரியவருக்கு இந்தப் படத்தை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

‘டூயல்’ (1971) வேறு தினுசு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தம் இளம்பிராயத்தில் தொலைக்காட்சிக்காகச் சுமார் இரண்டு வாரத்தில் எடுத்து முடித்த அப்படத்தில், காரில் போகும் ஒரு சாமானிய மனிதரை ஒரு பழைய டாங்கர் லாரி காரணமின்றித் துரத்துகிறது. அதை ஓட்டுபவனின் முகம் கடைசிவரை நமக்குத் தெரிவதேயில்லை. ராத்திரி வேளையில் ஸ்கூட்டரில் அவிநாசி சாலையில் போகையில் முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரியின் ஹாரனைக் கேட்டவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

‘சைக்கோ’வை (1960) அறியாதவர் இல்லை. அதன் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாமென்றுதான் ஹிட்ச்காக் முதலில் உத்தேசித்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளால் மட்டும் அமைத்துக் காட்டியதைக் கேட்டபின் மனம் மாறினார். கத்தி பாயும் ஓசைக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக் கூடாதென்று அவர் தியேட்டர்களுக்குக் கட்டளையிட்டதும் சரித்திரம், முறுக்குப் பொட்டலத்தோடு அரைமணி தாமதமாக வந்து, “என்ன நடந்துச்சு?” என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்கும் நம்மவரிடம் அது செல்லுபடியாகியிருக்குமா என்பது வேறு விஷயம்.

கோயன் சகோதரர்களின் ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ (2007) படத்தில் இசை கிட்டத்தட்ட இல்லை. ஓட்டல் அறையில் ஒளிந்திருப்பவன் கீழ்த்தளத்துக்கு டெலிபோன் செய்கிறான், அங்கே மணி அடித்துக்கொண்டேயிருக்கிறது, எடுப்பாரில்லை. பிறகு கதவடியில் அதே வெளிச்சக் கீற்று. இத்தகைய படங்களைத் தமிழ்க் குரல் ஏற்றிய பிரதியில் பார்ப்பதைக் காட்டிலும், மூலத்தின் ஒலியோடு, அடியில் ஓடும் எழுத்துக்களை வாசித்துக்கொண்டு பார்ப்பதே உத்தமம்.

அதற்கு எங்கள் ஊரில் தோதான காலம், வெளியூர்த் தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குப் போய்விட, பட்டறையும் கம்பெனியும் ஓய்ந்து கிடக்கும் பொங்கல் வாரம். சென்ற பொங்கலில் பெரியவருக்காக ‘அந்த நாள்’ போட்டேன். சிறுவயதில் டென்ட் கொட்டகையில் பார்த்த படமாம். துண்டால் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை அமைதியாக இருந்தவர், நடுவில் வந்து உட்கார்ந்த பேரன், “ஆருங்க தாத்தா கொன்னது?” என்று கேட்டபோது மட்டும் துண்டை எடுத்தார்.

“அத நாஞ் சொல்ல மாட்டேன். பேசாம காதக் குடுத்துக் கேளு.”