மீன் இருக்கு, பிடிக்கத்தான் கூடாது: சபாவின் 'தாகால்' என்றால் என்ன?

சபா, ரானாவ் வட்டாரத்தில் லுவாந்தி என்றொரு கிராமம். அங்குள்ள மொரோலி ஆற்றில் காலை வைத்தால் போதும், மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்துவிடும். அந்த 'மீன் மசாஜ்' வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். அவை பெலியான் மீன்கள். தீபகற்பத்தில் நாம் 'கெலா' என்கிறோமே, அந்த இனம்தான். சந்தையில் நல்ல விலை போகும். ஆனாலும் அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை.

காரணம் 'தாகால்'. டூசுன் மொழியில் 'தடை' என்று அர்த்தம்.

விஷம், மின்சாரம், வெடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து மீன் பிடித்ததில், சபாவின் பல ஆறுகளில் மீன் குறைந்துபோனது. அப்போது கிராம மக்கள் தங்கள் பழைய வழக்கத்தையே மீண்டும் கையில் எடுத்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றை வண்ணம் வைத்துப் பிரித்தார்கள். சிவப்புப் பகுதியில் மீன் பிடிக்கவே கூடாது. பச்சையில் விதிமுறைப்படி பிடிக்கலாம். மஞ்சள்தான் சுவாரஸ்யம்: ஊர்க் குழு நாள் குறிக்கும், ஆண்டுக்கு ஓரிரு முறைதான். அன்றைக்கு ஊரே ஆற்றில் இறங்கும். கிடைத்த மீனை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொள்வார்கள்.

சரி, ராத்திரியில் யாராவது திருட்டுத்தனமாக வலை வீசினால்? 'சொகிட்' கட்ட வேண்டும். அது ஊர் வழக்கப்படி விதிக்கப்படும் அபராதம். அந்தக் காலத்தில் எருமை, பன்றி, கோழி என்று கொடுத்தார்கள். இப்போது பணமாகவும் கட்டலாம். பணத்தைவிட, பிடிபட்டவர் ஊரார் முகத்தில் விழிக்க வேண்டுமே, அதுதான் பெரிய தண்டனை என்று எனக்குத் தோன்றுகிறது.

2003-இல் சபா மாநிலத்தின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் இந்த முறைக்கு அங்கீகாரம் தந்தது. மீன்வளத் துறையும் கைகோத்தது. இன்று நூற்றுக்கணக்கான இடங்களில் தாகால் நடப்பில் உள்ளது. லுவாந்தியில் சுற்றுப்பயணிகள் கட்டும் நுழைவுக் கட்டணம் கிராமத்துக்கும் வருமானம்.

ஆனால் ஒரு சிக்கல். குழுவின் அதிகாரம் தன் ஊர் எல்லைக்குள் ஓடும் ஆற்றோடு முடிந்துவிடுகிறது. மேலே மலைச்சரிவில் காட்டை வெட்டினால், அடுத்த மழைக்கு மண் முழுக்க ஆற்றில்தான் இறங்கும். தண்ணீர் கலங்கினால் பெலியான் தாங்காது. அதற்குத் தெளிந்த, ஓடும் நீர் வேண்டும். வலை வீசியவரிடம் சொகிட் கேட்கலாம். மேலே காடு வெட்ட அனுமதி தருவதா வேண்டாமா என்ற முடிவு அந்தக் குழுவின் கையில் இல்லை.