ரப்பர் பாலும் கெட்டுப்போகும், தெரியுமா?

மாட்டுப் பால் மட்டுமா திரியும்? மரத்துப் பாலும் திரியும்! சீவிய சில மணி நேரத்துக்குள்ளேயே! மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் இன்று எங்கு திரும்பினாலும் வீடமைப்புப் பகுதிகள், பல்கலைக்கழக மாணவர்கள் மொய்க்கும் சாப்பாட்டுக் கடைகள். ஆனாலும் மலாக்காத் தமிழர் குடும்பங்களில் ஒன்றிரண்டு தலைமுறை பின்னால் போனால், பால் பிடிக்கும் மங்கும் மரம் சீவும் உளியும் பிடித்த ஒரு கை எப்படியும் தட்டுப்படும். அந்தக் கை நாள்தோறும் விடியலில் செய்த வேலைகளில் ஒன்று கிருமியை ஒடுக்குவது!

மரத்தைச் சீவியதும் வழிகிற பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதில் சர்க்கரை, புரதம், கொழுப்பு என்று கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்து! பட்டையிலிருந்து, உளியிலிருந்து, நேற்று மங்கில் ஒட்டிக் காய்ந்த மிச்சத்திலிருந்து என்று அவை பாலுக்குள் இறங்கிவிடும். சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். ரப்பர் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதப்பவை. அமிலம் ஏறினால் அந்தத் தள்ளல் ஓய்ந்துவிடும், எல்லாம் ஒட்டிக் கட்டிப்பாலாகிவிடும். அப்புறம் அந்த நாற்றம்! பாக்டீரியா புரதத்தைச் சிதைப்பதால் வருவது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

அதற்குத்தான் மங்கைத் துடைத்துவிட்டு அடியில் சில சொட்டு அமோனியா விடுவார்கள். மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் பாலில் காரம் கூடுவதால் பாக்டீரியா தலைதூக்காது, துகள்களின் மின்னூட்டமும் குலையாது. ஒரே சொட்டில் இரண்டு வேலை! ஆலையில் பாலை இயந்திரத்தில் சுழற்றி, ரப்பரை 60 சதவீதமாகச் செறிவாக்கிய பிறகு சேர்ப்பது சுமார் 0.7 சதவீத அமோனியா. கப்பலேறி எந்த ஊருக்குப் போனாலும் பால் பாலாகவே இருக்கும். நெடி குறைய வேண்டுமென்றால் 0.2 சதவீத அமோனியாவோடு துத்தநாக ஆக்சைடும் டிஎம்டிடி என்ற மருந்தும் துளியளவு சேர்ப்பார்கள். விதைக்குப் பூஞ்சைக்கொல்லியாகத் தடவுகிற திரம் இருக்கிறதே, அந்த டிஎம்டிடி அதேதான்!

பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் போடுகிற தோட்டத்தில் எல்லாம் தலைகீழ். பால் தானாகத் திரியக்கூடாது. நாம் ஃபார்மிக் அமிலம் ஊற்றி, நமக்கு வேண்டிய நேரத்தில் திரிய வைக்க வேண்டும். உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிய ஷீட்டை ஈரத்தோடு விட்டால் பூசணம் பூத்துவிடும். எனவே புகைக்கூடம். ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம், நாலைந்து நாள். வெப்பம் ஈரத்தை எடுக்கிறது, சரி. புகை எதற்கு? அங்கேதான் சூட்சுமம். விறகுப் புகையில் ஃபீனால் குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. அவை ஷீட்டில் படிந்து பூசணத்தை அண்டவிடாது.

அந்த ஃபீனால் யார் தெரியுமா? 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து வந்த ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனின் காயத்தில் ஜோசப் லிஸ்டர் வைத்துக் கட்டிய கார்பாலிக் அமிலம்! எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் காலை வெட்டியெடுப்பதே அன்று வழக்கம். பையனுக்குச் சீழ் வைக்கவில்லை, கால் தப்பியது. அறுவை மருத்துவத்தையே புரட்டிப்போட்ட அதே குடும்பத்துப் பொருள்தான் நம் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ஷீட்டோடு ஷீட்டாகத் தொங்கியது!

அடுத்தது இன்னும் விசேஷம். 1889-90 குளிர்காலம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அறுவைக் கூடத்துத் தாதி கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமி கொல்லப் பயன்படுத்திய பாதரசக் குளோரைடு கரைசல் பட்டுப் பட்டுப் புண்ணாகிவிட்டன. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து வரவழைத்தார். அதாவது முதலில் அந்தக் கையுறை காத்தது நோயாளியை அல்ல, தாதியை! கிருமியிடமிருந்துகூட அல்ல, கிருமிநாசினியிடமிருந்து! (அதே 1890-ல் இருவருக்கும் கல்யாணம். பரிசுப் பொருளைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த மனிதர்.) கையுறை நோயாளியையும் காக்கிறது என்பது பின்னால்தான் தெரிய வந்தது. அந்த முதல் கையுறையில் நம் தோட்டத்து ரப்பருக்குப் பங்கில்லை. டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கியது 1896-ல்தான். கொரோனா காலத்திலோ உலகம் மாட்டிய கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியாவிலிருந்து போனவை. பெரும்பகுதி இப்போது நைட்ரில்தான். மரத்துப் பால் அல்ல.

கிருமியை ஒழிக்கும் வேலை இப்போது கதிராலும் நடக்கிறது. பாங்கியில் இருக்கிற மலேசிய அணுசக்தி முகமை, சினகாமா என்ற கூடத்தில் 1989 முதல் கோபால்ட்-60 கதிரைக் கொண்டு மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்குகிறது. கொதிநீர் கிடையாது, நீராவி கிடையாது. பெட்டியைப் பிரிக்காமலே, அட்டையைத் துளைத்துப் போகும் காமாக் கதிர் கிருமியின் மரபணுவை நொறுக்கிவிடும்!

மருந்துக் கதைக்கு வருவோம். லாலாங் புல்லிலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்தவர்களை உண்ணிக் காய்ச்சல் வாட்டி வந்தது. கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்துப் பரப்புவது. 1948-ல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்கக் குழு ஒன்று கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தது. கையில் வெனிசுவேலா மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த புது மருந்து, குளோராம்ஃபெனிகால். முதலில் மருந்து பெற்ற 25 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை! அதைவிட அதிசயம், உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களுக்குள் டைஃபாய்டு நோயாளியும் இருந்தார். அவருக்கும் காய்ச்சல் இறங்கியது! நோயைத் தவறாகக் கணித்ததால் டைஃபாய்டுக்கு மருந்து கிடைத்தது. பின்னாளில் அது சிலருக்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுப்பது தெரிந்ததும், மருத்துவர்கள் அளந்து பார்த்தே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

என்னைக் கேட்டால் இந்த நாட்டின் பெரிய கிருமிக் கதை சுங்கை பூலோவில் நடந்தது. 1930-ல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு அது. டாப்சோன் மாத்திரை வந்ததும் நோய் அடங்கியது, எல்லாரும் நிம்மதியானார்கள். ஆனால் சிலருக்கு மட்டும் வருடக்கணக்கில் விழுங்கிய பிறகு நோய் திரும்பி வந்தது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லையோ என்ற சந்தேகம் வருவது சகஜம். தீர்த்துக்கொள்வதும் சுலபமில்லை, தொழுநோய்க் கிருமி ஆய்வுக்கூடத் தட்டில் வளரவே வளராது, ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும்! சுங்கை பூலோவின் மருத்துவர் பெட்டிட்டும் லண்டனின் ஆய்வாளர் ரீசும் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை எலியின் குளிர்ந்த உள்ளங்காலில் வளர்த்தார்கள். எலிக்கு டாப்சோன் கொடுத்தும் கிருமி அசையாமல் வளர்ந்தது. தொழுநோய்க் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது என்பதற்கு உலகிலேயே முதல் சான்று, 1964-ல், இங்கிருந்து!

உலகச் சுகாதார நிறுவனம் 1981-ல் ஒரே மருந்தை விட்டுவிட்டுக் கூட்டு மருந்துக்கு மாறச் சொன்னது. ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், மூன்றாவதாக அதே பழைய டாப்சோன். கிருமிக்குப் பழகிப்போன மருந்துதான் என்றாலும், இன்னும் வேலையிலிருந்து நிற்கவில்லை!